கன்று வீசிய மாடும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும்: புருசெல்லோசிஸ் நோயைத் தடுப்பது எப்படி?

ஏழு, எட்டு மாதச் சினையில் இருக்கும் மாடு திடீரெனக் கன்றை வீசிவிட்டால், பக்கத்து மாடு முட்டியிருக்கும், வெயில் தாங்கவில்லை, கண் பட்டுவிட்டது என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிட்டு அடுத்த சினைக்குக் காத்திருப்பது நம்மில் பலருக்கும் வழக்கம். சில வாரங்கள் கழித்து, அந்தக் கன்றை எடுத்துப் போட்டவருக்கோ தொழுவத்தைக் கழுவியவருக்கோ மாலை நேரத்தில் காய்ச்சல் வரும். இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்க்கும். இடுப்பும் மூட்டும் வலிக்கும். மாத்திரை போட்டால் குறைந்து, மீண்டும் வரும். மாட்டுக்குக் கால்நடை மருத்துவர், மனிதருக்கு வேறு மருத்துவர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இருப்பதில்லை.

இரண்டுக்கும் ஒரே கிருமி காரணமாக இருக்கலாம். அந்த நோயின் பெயர் புருசெல்லோசிஸ். கருச்சிதைவு நோய், கன்று வீச்சு நோய் என்றும் சொல்வார்கள். கால்நடை வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

நோய்க்குக் காரணம் என்ன?

புருசெல்லா என்ற பாக்டீரியாவே இந்நோயை உண்டாக்குகிறது. இதில் பல வகைகள் உள்ளன. மாடு, எருமைகளை அதிகம் தாக்குவது புருசெல்லா அபார்ட்டஸ். வெள்ளாடு, செம்மறியாடுகளைத் தாக்குவது புருசெல்லா மெலிட்டென்சிஸ். பன்றிக்கும் நாய்க்கும் தனித்தனி வகைகள் உண்டு. மனிதர்களுக்குக் கடுமையான பாதிப்பைத் தருவது ஆடுகளிடம் இருந்து வரும் மெலிட்டென்சிஸ் வகை. எனவே மாடு இல்லாமல் ஆடு மட்டும் வளர்ப்பவர்களுக்கும் இதில் கவனம் தேவை.

சினை மாட்டின் கருப்பையிலும் நஞ்சுக்கொடியிலும் இக்கிருமி பெருமளவில் பெருகுகிறது. இதனால் நஞ்சுக்கொடி அழற்சி அடைந்து, கன்றுக்கு ஊட்டம் போவது தடைபட்டு, கரு வெளியேறுகிறது. வீசப்பட்ட கன்று, நஞ்சுக்கொடி, கருப்பையிலிருந்து வடியும் நீர் ஆகிய மூன்றிலும் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். நோய் பரவ முக்கியக் காரணம் இவைதான்.

ஏன் இது கவனிக்கப்படாத நோய்?

விலங்குகளிடம் இருந்து மனிதருக்குப் பரவும் நோய்களில், ஏழைக் கால்நடை வளர்ப்போரை அதிகம் பாதித்தும் போதிய கவனம் பெறாத சில நோய்களை உலக சுகாதார நிறுவனம் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறது. அடைப்பான், மாட்டுக் காசநோய், வெறிநாய்க்கடி நோய் ஆகியவற்றோடு புருசெல்லோசிஸும் அதில் உண்டு.

கவனம் கிடைக்காததற்குக் காரணங்கள் எளியவை. இந்நோயால் மாடு உடனே சாவதில்லை. மனிதர்களும் பெரும்பாலும் இறப்பதில்லை. பல மாதங்கள் வேலை செய்ய முடியாமல் முடங்குகிறார்கள், அவ்வளவுதான். சாவு இல்லாத நோய் செய்தியாவதில்லை. அறிகுறிகள் டைபாய்டு, மலேரியா, காசநோய், வாத நோய் போலவே இருப்பதால் வேறு பெயரில் சிகிச்சை நடந்துவிடுகிறது. மாட்டுக்கு ஒரு துறை, மனிதருக்கு ஒரு துறை என்று கணக்கும் பிரிந்து கிடக்கிறது.

இதன் விளைவை ஒரு எண்ணிக்கையில் பார்க்கலாம். உலகில் ஆண்டுக்கு 5 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் வருவதாகவே பல ஆண்டுகள் எழுதப்பட்டு வந்தது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளின் புள்ளிவிவரங்களைத் திரட்டிக் கணக்கிட்டு, அந்த எண்ணிக்கை 16 லட்சம் முதல் 21 லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிட்டது. கணக்கில் வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம்.

மால்டாவில் கிடைத்த பாடம்

இந்நோயைக் கண்டறிந்த வரலாற்றிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் நீண்ட நாள் காய்ச்சலால் அவதிப்பட்டனர். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர், இறந்த வீரரின் மண்ணீரலில் இருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். புருசெல்லா என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் கிருமி எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை.

விடை கிடைக்க 1905 வரை ஆனது. மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டாக்லிஸ் ஸம்மிட், அத்தீவின் ஆடுகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார். பார்வைக்கு நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த ஆடுகளிடம்தான் கிருமி இருந்தது. வீடு வீடாக ஓட்டிச் சென்று வாசலிலேயே கறந்து கொடுக்கப்பட்ட ஆட்டுப்பால் வழியாக நோய் பரவியிருக்கிறது. 1906-இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

இதற்கிடையே 1897-இல் டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பேங், கன்று வீசிய மாட்டில் இருந்து ஒரு கிருமியைக் கண்டறிந்திருந்தார். மால்டா கிருமியும் இதுவும் நெருங்கிய உறவு என்பது 20 ஆண்டுகள் யாருக்கும் தோன்றவில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிய ஆலிஸ் எவன்ஸ் என்ற பெண் ஆய்வாளர் 1918-இல் அதை எழுதினார். காய்ச்சாத பசும்பாலாலும் மனிதருக்கு நோய் வரலாம் என்று எச்சரித்தார். பலர் நம்பவில்லை. 1922-இல் ஆய்வகத்தில் அவருக்கே இந்நோய் தொற்றியது. உடலில் நோய் ஒன்றும் இல்லை, மனச்சோர்வுதான் என்று அவரிடமும் மருத்துவர்கள் சொன்னார்கள். பின்னாளில்தான் அவர் சொன்னது சரி என்று ஏற்கப்பட்டது.

பாடம் இதுதான்: மனித மருத்துவர் காய்ச்சலை மட்டும் பார்த்தார், கால்நடை மருத்துவர் மாட்டை மட்டும் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதே நோய் பிடிபட்டது. உங்கள் வீட்டில் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

மாடுகளில் தெரியும் அறிகுறிகள்

- சினையின் கடைசி மூன்று மாதங்களில் கன்று வீசுதல்
- குறைமாதத்தில் வலுவிழந்த கன்று பிறத்தல், பிறந்த சில நாட்களில் இறத்தல்
- நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிடுதல்
- பால் குறைதல், சினை பிடிக்காமல் தள்ளிப்போதல்
- சில மாடுகளுக்கு முன்னங்கால் முட்டியில் நீர் கோத்த வீக்கம்
- பொலிகாளைக்கும் கிடாவுக்கும் விதைப்பை வீக்கம்

ஒரு முக்கியமான விஷயத்தை மறந்துவிடாதீர்கள். நோய் கண்ட மாடு பெரும்பாலும் ஒருமுறைதான் கன்று வீசும். அடுத்தடுத்த ஈற்றில் நல்ல கன்றையே போடக்கூடும். அதனால் மாடு தேறிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் கிருமி மடியிலும் நிணநீர் முடிச்சுகளிலும் தங்கியிருக்கும். பாலிலும், ஒவ்வொரு முறை கன்று ஈனும்போது வெளியாகும் நீரிலும் கிருமி வந்துகொண்டே இருக்கும்.

கன்று வீசுவதற்கு எலிக்காய்ச்சல் கிருமி, சில வைரஸ்கள், சத்துக்குறைவு, அடிபடுதல் என்று வேறு காரணங்களும் உண்டு. கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

எப்படிப் பரவுகிறது?

வீசப்பட்ட கன்றையும் நஞ்சுக்கொடியையும் மற்ற மாடுகள் நக்கும்போதும், நீர் சிந்திய புல், தீவனம், தண்ணீரை உட்கொள்ளும்போதும் மாட்டுக்கு மாடு பரவுகிறது. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இக்கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நேரடி வெயிலில் விரைவில் சாகும். சோதிக்கப்படாத காளையை இணைசேர்ப்புக்கு விடுவதும் நல்லதல்ல.

மனிதருக்குப் பரவ இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று, காய்ச்சாத பாலும் அதிலிருந்து செய்யும் பொருட்களும். நம் ஊரில் பாலைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் இருப்பது பெரிய பாதுகாப்பு. ஆனால் கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிப்பதும், மருந்து என்று சொல்லிக் குழந்தைக்குப் பச்சை ஆட்டுப்பால் கொடுப்பதும் இன்னும் இருக்கிறது. இதைக் கட்டாயம் விட வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி இறந்துவிடும்.

இரண்டாவது வழி, கை. வெறும் கையால் கன்றை இழுப்பது, நஞ்சுக்கொடியை எடுப்பது, தொழுவத்தைக் கழுவுவது போன்ற வேலைகளின்போது கையில் உள்ள சிறு கீறல் வழியாகவும், கண்ணில் தெறிப்பதாலும், மூச்சு வழியாகவும் கிருமி உள்ளே போகும். பால் கறப்பதும் தொழுவம் சுத்தம் செய்வதும் பல வீடுகளில் பெண்கள் வேலை. அவர்களுக்கு வரும் காய்ச்சலும் உடல்வலியும் வேலைக் களைப்பு என்று தள்ளிப்போகிறது. கர்ப்பிணிகளுக்கு இந்நோய் வந்தால் கருச்சிதைவு ஏற்படலாம் என்பதால், கன்று ஈனும் இடத்தில் அவர்களை எந்த வேலையும் செய்ய விடாதீர்கள்.

மனிதர்களில் அறிகுறிகளும் சிகிச்சையும்

கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் அறிகுறிகள் தெரியும். சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். ஏறி இறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, மிகுந்த சோர்வு, மூட்டுவலி, முதுகுவலி, பசியின்மை, ஆண்களுக்கு விதைப்பை வீக்கம் ஆகியவை வரும். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பு பாதிக்கப்படும். அரிதாக இதய வால்வுகளைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

இதைக் குணப்படுத்த முடியும். ஆனால் இரண்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சேர்த்து, பொதுவாக 6 வாரங்கள் எடுக்க வேண்டியிருக்கும். ஐந்து நாள் மாத்திரையில் காய்ச்சல் நின்றதும் நிறுத்திவிட்டால் நோய் திரும்ப வரும். மருந்தையும் அளவையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மாட்டுக்கு வாங்கிய மருந்தை நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். மனிதருக்கு இந்நோய்க்குத் தடுப்பூசி கிடையாது.

வழக்கமான காய்ச்சல் பரிசோதனைகளில் புருசெல்லோசிஸ் தெரியாது. அதற்கென்று தனி இரத்தப் பரிசோதனை எழுத வேண்டும். மருத்துவர் அதை எழுத வேண்டுமானால் அவருக்குச் சந்தேகம் வர வேண்டும். எனவே காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ மருத்துவரிடம் இந்த மூன்று தகவல்களையும் சொல்லுங்கள்:

1. வீட்டில் மாடு, ஆடு வளர்க்கிறோம்.
2. இந்த மாதத்தில் ஒரு மாடு கன்று வீசியது, அதை நான்தான் எடுத்தேன்.
3. புருசெல்லோசிஸ் இருக்கலாமா என்று பார்க்க முடியுமா?

இப்படிச் சொல்வது பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கும் பாதுகாப்பு. மாதிரியில் என்ன கிருமி இருக்கலாம் என்பது தெரிந்தால்தான் அவர்களும் எச்சரிக்கையாகக் கையாள முடியும்.

மாடு கன்று வீசினால் உடனே செய்ய வேண்டியவை

1. மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். நாய், காக்கை, மற்ற மாடுகள் நெருங்காதபடி கன்றையும் நஞ்சுக்கொடியையும் மூடி வையுங்கள்.

2. கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவசர உதவிக்கு 1962 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். மாதிரி எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அவரைக் கேட்காமல் புதைக்க வேண்டாம். நீங்களே கன்றை அறுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

3. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழவில்லை என்றால் வெறும் கையால் இழுக்காதீர்கள். மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

4. கையுறை, காலணி, முகத்துக்குத் துணி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். கையுறை கிடைக்காவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையை முழங்கை வரை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

5. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, குறைந்தது 4 அடி ஆழத்தில் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நீர் சிந்திய வைக்கோலையும் எரித்துவிடுங்கள் அல்லது சேர்த்துப் புதையுங்கள்.

6. தரையைக் கிருமிநாசினி கரைசலால் கழுவி, வெயில் படும்படி விடுங்கள்.

இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மாடு நிறையப் பால் கறக்கும் என்ற நம்பிக்கையில் செய்வது அது. நாயும் காக்கையும் அதைப் பிய்த்து ஊரெங்கும் கொண்டு போகும். நல்ல ஈற்றாக இருந்தாலும் புதைப்பதே பாதுகாப்பு. கன்று வீசிய மாட்டின் கொடியை ஒருபோதும் மரத்தில் கட்டாதீர்கள்.

மாட்டின் இரத்தத்தை ரோஸ் பெங்கால் சோதனை, எலைசா சோதனை ஆகியவற்றால் பரிசோதிக்கலாம். பாலைக் கொண்டு செய்யும் பால் வளையச் சோதனையும் உண்டு. பல மாடுகளின் பாலைச் சேர்த்து ஒரே நேரத்தில் பார்க்க அது உதவும். கன்று வீசிய உடனே எடுத்த இரத்தத்தில் சில நேரம் நோய் தெரியாது. மருத்துவர் சொன்னால் சுமார் மூன்று வாரம் கழித்து மீண்டும் சோதியுங்கள்.

கிடேரிக் கன்றுக்கு ஒரே ஒரு தடுப்பூசி

நோய் வந்த மாட்டைக் குணப்படுத்த நடைமுறையில் சிகிச்சை இல்லை. வராமல் தடுப்பதே வழி. மத்திய அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், கோமாரி நோயுடன் புருசெல்லோசிஸும் சேர்க்கப்பட்டுள்ளது. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கும் பெண் எருமைக் கன்றுகளுக்கும் இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. வாழ்நாளில் ஒருமுறை போட்டால் போதும்.

ஏன் அந்த வயது மட்டும்? இது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. வயது கடந்து போட்டால், பின்னாளில் இரத்தம் சோதிக்கும்போது தடுப்பூசியால் வந்த எதிர்ப்புப் பொருளா, நோயால் வந்ததா என்ற குழப்பம் வரும். சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசக்கூடும். காளைக் கன்றுக்குப் போட்டால் விதைப்பை பாதிக்கப்படலாம். எனவே அவற்றுக்குப் போடுவதில்லை.

நான்கு மாதங்களே அவகாசம். கிடேரி பிறந்த தேதியைக் குறித்து வைத்து, முகாம் வரும்வரை காத்திருக்காமல் மருந்தகத்தில் கேளுங்கள். காதில் 12 இலக்கக் காதுவில்லை போட்டு விவரத்தைப் பதியச் சொல்லுங்கள். ஊசி போடும்போது கன்றைப் பிடிப்பவர் கவனமாக இருக்க வேண்டும். உயிருள்ள கிருமி என்பதால், ஊசி கையில் குத்தினாலோ மருந்து கண்ணில் தெறித்தாலோ உடனே மனித மருத்துவரைப் பார்க்க வேண்டும். தடுப்பூசி முழுப் பாதுகாப்பு தராது, ஆனால் கன்று வீசுவதையும் பரவலையும் வெகுவாகக் குறைக்கும். ஆடுகளுக்கு இத்திட்டத்தில் இந்தத் தடுப்பூசி இல்லை. எனவே ஆடு வளர்ப்போருக்குச் சுகாதாரமே காப்பு.

புதிய மாடு வாங்கும்போது

சந்தையில் பல்லையும் மடியையும் பார்க்கும் நாம் இரத்தத்தைப் பார்ப்பதில்லை. முடிந்தால் வாங்குமுன் பரிசோதனை செய்யுங்கள். முடியாவிட்டால், வாங்கிய மாட்டை ஒரு மாதம் தனியாகக் கட்டி, சோதித்த பின் மந்தையில் சேருங்கள். நல்ல கறவையில் இருக்கும் மாட்டை ஒருவர் அவசரமாக, குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டால் காரணத்தைக் கேளுங்கள்.

நோய் உறுதியானால் என்ன செய்வது?

இதுதான் கடினமான கேள்வி. நோயை ஒழித்த நாடுகளில், நோய்ப்பட்ட மாடுகளை நீக்கி உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்தார்கள். நமக்கு இரண்டு மாட்டில் ஒன்று போனால் பாதி வருமானம் போகிறது. அதனால்தான் பலர் பரிசோதனைக்கே பயப்படுகிறார்கள், அல்லது சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். விற்ற மாடு அடுத்த ஊரில் இன்னொரு மந்தையையும் இன்னொரு குடும்பத்தையும் நோயாளி ஆக்குகிறது. அதே சந்தையில் நீங்கள் வாங்கும் மாடும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப் பட்டியலில் மாட்டுப் புருசெல்லோசிஸும் உள்ளது. எனவே மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் பேசி, அவர் சொல்லும் வழியில் மாட்டை மந்தையில் இருந்து பிரியுங்கள். மாடு உங்களிடம் இருக்கும்வரை தனித் தொழுவம், தனித் தண்ணீர்த் தொட்டி வையுங்கள். கடைசியாக அந்த மாட்டைக் கறங்கள். பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். அது கன்று ஈனும் நாளில் மற்ற மாடுகளும் குழந்தைகளும் அருகில் இருக்கக் கூடாது. மற்ற மாடுகளையும் சோதியுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் அவர்களும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தொழுவத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கடந்த ஓர் ஆண்டில் உங்கள் மாடு எதுவும் கன்று வீசியிருந்தால், அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.